எலி கடித்த விதையும் மோவாவின் முட்டை ஓடும்: நியூசிலாந்தில் மனிதர் வந்த காலத்தைக் கணிக்கும் முறை

மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தின் காடுகளில் இருந்த பாலூட்டி வௌவால் மட்டும்தான். மற்ற இடங்களில் மானும் மாடும் செய்யும் வேலையை அங்கே பறவைகள் செய்தன. மோவா என்ற பறக்காத பறவைகள் ஒன்பது வகை இலை மேய்ந்தன. அவற்றை வேட்டையாட ஹாஸ்ட் கழுகு இருந்தது. பிறகு கிழக்குப் பொலினீசியா என்ற பசிபிக் தீவுப் பகுதியிலிருந்து தோணிகள் வந்தன. அவற்றில் மக்களோடு கியோரே என்ற பசிபிக் எலியும் குரி என்ற நாயும் வந்து இறங்கின. இரண்டு நூற்றாண்டு முடிவதற்குள் மோவா இனம் பூண்டோடு அழிந்தது.

வந்தது எந்த ஆண்டு வாக்கில், அழிந்தது எந்த ஆண்டு வாக்கில், நடுவில் எத்தனை தலைமுறை என்பதைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே சொல்கிறோம். கருவிகள் மேம்பட்டுவிட்டன, தவறுகள் பெரும்பாலும் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போதே நடந்துவிடுகின்றன. அடிப்படை விதி ஒன்று: மண்ணடுக்கின் வயதைக் கேட்காதீர்கள். எந்த நிகழ்வின் தேதி வேண்டுமோ, அந்த நிகழ்வின்போது உயிர் நின்ற பொருளைக் கண்டுபிடித்து அதன் வயதைக் கேளுங்கள். உயிர் நின்றதும் அதிலுள்ள கார்பன்-14 என்ற கதிரியக்கக் கரிமம் மெல்லக் குறையத் தொடங்கும்; மிஞ்சியதை அளந்துதான் வயதைக் கணிக்கிறோம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த விதியிலிருந்து வருவதுதான்.

மண்வெட்டியைத் தொடும் முன்

நியூசிலாந்தில் 1900-க்கு முந்தைய மனிதச் செயல்பாடு உள்ள இடம் எதுவானாலும், 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹெரிடேஜ் நியூசிலாந்து அமைப்பின் அனுமதி இல்லாமல் தோண்டக் கூடாது. அந்த நிலத்துக்குரிய மாவோரி குடியினரிடம், அதாவது ‘இவி’யிடம், முதல் நாளிலிருந்தே பேசுங்கள். இது காகிதச் சடங்கு அல்ல. அந்த எலும்புகளும் அடுப்புகளும் அவர்களுடைய முன்னோர் விட்டுச் சென்றவை. மனித எலும்பு தட்டுப்பட்டால் வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

எங்கே தோண்டுவது

மூன்று வகை இடம் தேவை, ஏனென்றால் மூன்றும் மூன்று வெவ்வேறு கேள்விக்குப் பதில் தருகின்றன. முதலாவது, காட்டுக்கு நடுவே உள்ள சதுப்பு. ஹினாவு, மீரோ, மட்டாய் போன்ற கொட்டைப்பழ மரங்கள் ஓரத்தில் நின்றிருந்த சதுப்பாக இருந்தால், பழம் உதிர்ந்து சேற்றில் புதைந்து, காற்றுப் படாமல் நூற்றாண்டுக் கணக்கில் கெடாமல் கிடக்கும். எலி வந்த காலத்தை இங்கேதான் தேட வேண்டும். இரண்டாவது, சுண்ணாம்புப் பாறை நிழலில் ஆந்தை தங்கிய இடம். அது கக்கிய எலும்புகள் சிறு விலங்குகள் மாறியதைச் சொல்லும். மூன்றாவது, கடலோரக் குடியிருப்பு. அடுப்புக் குழி, சிப்பி மேடு, எலும்புக் குவியல் எல்லாம் அங்கே கிடைக்கும்.

வடக்குத் தீவின் வடக்கிலும் கிழக்கிலும் வேலை செய்பவர்களுக்கு ஒரு கொடை உண்டு. தரவேரா எரிமலை கக்கிய கஹரோவா சாம்பல் அங்கே வெளிறிய மெல்லிய கோடாக மண்ணுக்குள் ஓடுகிறது. அந்த வெடிப்பில் செத்த ஒரு மரத்தின் வளையங்களை வரிசையாகக் கணித்து அதன் ஆண்டைக் கி.பி. 1314, கூடக்குறைய 12 ஆண்டு என்று நிறுவியிருக்கிறார்கள். சாம்பலுக்குக் கீழே கிடப்பது அதற்கு முந்தையது, மேலே கிடப்பது பிந்தையது. ஆய்வகத்துக்கு அனுப்பாமலே கிடைக்கும் தேதி இது. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் ‘இது கஹரோவா’ என்று எழுதிவிடாதீர்கள். இன்னும் கீழே, கி.பி. 232 வாக்கில் வெடித்த டாப்போ எரிமலையின் படிவும் உண்டு. சாம்பலில் உள்ள கண்ணாடித் துகள்களின் வேதியியலை எலக்ட்ரான் நுண்பகுப்பியில் அளந்த பிறகே பெயர் வையுங்கள். பெயர் மாறினால் ஆயிரம் ஆண்டு மாறிப்போகும்.

கடற்பறவைகள் வளை தோண்டிய மண்ணைத் தவிர்த்துவிடுங்கள். பெட்ரல் பறவைகள் கூட்டமாக வளை பறித்த நிலத்தில் மேலது கீழும் கீழது மேலுமாகப் புரண்டிருக்கும். வெட்டுமுகத்தைச் சுத்தமாகச் சீவிப் பாருங்கள். வட்டமான கறுப்புத் திட்டுகள், வேர் போன தடங்கள், கம்பம் நட்ட குழிகள் எல்லாவற்றையும் வரைந்துகொண்ட பிறகே மாதிரி எடுக்க வேண்டும்.

எலி கடித்த விதை

இந்தத் துறையில் எங்களுக்கு மிகவும் பிடித்த சான்று இதுதான்; நம்பகமும் இதற்கே அதிகம். கியோரே ஆழ்கடலை நீந்திக் கடக்காது. மனிதர் தோணியில் வந்தால்தான் வரும். வந்துவிட்டால் வேகமாகப் பெருகி, உணவு கிடைக்கும் காடெல்லாம் பரவிவிடும். மக்கள் முதலில் தங்கிய குடிசை கடலரிப்பில் போயிருக்கலாம், நம் கண்ணில் படாமலே போகலாம். எலி விட்ட தடம் அப்படி இல்லை. ஒவ்வொரு காட்டிலும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. தவிர, விதை ஓடு ஒரே பருவத்தில் உருவாவது. பழம் உதிர்ந்த சிறிது காலத்துக்குள் எலி கடித்துவிடும். ஆக, கடிக்கும் நிகழ்வும் நாம் அளக்கும் கரிமமும் ஏறக்குறைய ஒரே வயது.

சதுப்பில் குழாய் இறக்கி எடுக்கும் 5 சென்டிமீட்டர் மண்தண்டில் கடித்த விதை அகப்படுவது அரிது. ஓடைக்கரை வெட்டுமுகத்திலோ தோண்டிய குழியின் சுவரிலோ 2 சென்டிமீட்டர் கனத்தில் படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் குறைந்தது 5 லிட்டர் மண் எடுங்கள். தண்ணீர் ஊற்றி 2 மில்லிமீட்டர் சல்லடையில் அலசுங்கள். தண்ணீரின் வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். ஊறிப்போன ஓடு விரல் நசுக்கினாலே உடையும்.

விதையைப் பத்து மடங்கு பெருக்கத்தில் முதலில் பாருங்கள், சந்தேகமானால் நாற்பது. எலி கடித்த ஹினாவு கொட்டையில் பக்கவாட்டில் ஓர் ஓட்டை இருக்கும். அந்த ஓட்டையின் விளிம்பைச் சாய்வான வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், விளிம்புக்குக் குறுக்காக நெருக்கமான சிறு பள்ளங்கள் இணை இணையாகத் தெரியும். முன்பற்கள் இரண்டும் சேர்ந்து சுரண்டிய தடம் அது. பூச்சி துளைத்தது ஊசியால் குத்தியதுபோல் வட்டமாக, விளிம்பு வழவழப்பாக இருக்கும். மாவோரி மொழியில் ‘காக்கா’ எனப்படும் கிளி (நம் காகம் அல்ல) போன்ற பறவை உடைத்தது பிளந்து கிடக்கும், சுரண்டல் இருக்காது. முளைத்து வெளியேறிய விதை தன் தையல் வழியே திறந்திருக்கும். ஐயம் உள்ளதை ‘ஐயம்’ என்றே எழுதி ஒதுக்குங்கள். காலக்கணிப்புக்கு அனுப்பும் பத்து விதைகளில் ஒன்று பூச்சி கடித்ததாக இருந்தாலும் உங்கள் ‘முதல் எலி’ பல நூற்றாண்டு முன்னே போய் நிற்கும்.

கடிபடாத விதைகளையும் எண்ணுங்கள், கீழடுக்கிலிருந்து சிலவற்றைக் காலக்கணிப்புக்கும் அனுப்புங்கள். இதைப் பலர் வீண்செலவு என்று விட்டுவிடுகிறார்கள். முழு விதைகள் நிறையக் கிடைத்தும் கடித்தது ஒன்றுகூட இல்லை என்று காட்டினால்தான், எலி இல்லாத காலம் என்று துணிந்து சொல்ல முடியும். விதையே கிடைக்காத அடுக்கில் கடித்த விதை இல்லை என்பது ஒரு செய்தியே அல்ல. 2008-இல் வெளியான ஆய்வு இந்த வழியில்தான் இரு தீவுகளிலிருந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட விதைகளைக் கணித்தது. எலி கடித்தவற்றில் மிகப் பழையது கி.பி. 1280 வாக்கில் வந்தது. கஹரோவா சாம்பலுக்குக் கீழே மனிதத் தடயம் ஏன் இவ்வளவு அரிது என்பதும் அதோடு புரிந்தது: இரண்டுக்கும் நடுவே சில பத்தாண்டுகளே இருந்தன.

ஆய்வகத்தில் விதை ஓட்டுக்கு அமிலம், காரம், மீண்டும் அமிலம் என்று மூன்று குளியல். முதல் அமிலம் சுண்ணாம்பை நீக்கும். காரம் சதுப்பில் மேலிருந்து கீழே கசிந்து வந்த பழுப்புநிற ஹ்யூமிக் அமிலத்தைக் கரைக்கும். காரக் கரைசல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கடைசி அமிலக் குளியலைத் தவறவிடக் கூடாது. கார்பன்-14 அணுக்களை எண்ணும் கருவியான முடுக்கி நிறமாலைமானியில் அளக்க ஏறக்குறைய 1 மில்லிகிராம் கரிமம் போதும். ஒரே ஓட்டில் ஒரு பகுதியே அதற்கு மேல் தரும். எடை போதவில்லை என்று பல விதைகளைச் சேர்த்து ஒரே மாதிரியாக்காதீர்கள். சராசரித் தேதியில் எந்த விதையும் உதிர்ந்திருக்காது.

எலும்பு: 2,000 ஆண்டு என்ற பழைய குழப்பம்

1996-இல் எலி எலும்புகளின் தேதிகள் சில 2,000 ஆண்டுப் பழையவை என்று வெளியாயின. மக்கள் ஒருமுறை வந்துவிட்டுப் போயிருப்பார்கள், எலி மட்டும் தங்கிவிட்டது என்று அதற்கு விளக்கமும் பிறந்தது. பின்னர் அதே இடங்களில் புதிதாக எலும்பெடுத்து, கூடுதல் சுத்திகரிப்போடு அளந்தபோது 13-ஆம் நூற்றாண்டுக்கு முன் எதுவும் போகவில்லை. ஏன் இப்படி ஆகும் என்பதை எண்ணில் பார்த்தால் நன்கு பதியும்.

700 ஆண்டு வயதுள்ள எலும்பில் நூற்றுக்கு ஒரு பங்கு இன்றைய கரிமம் கலந்தால் வயது ஏறக்குறைய 7 ஆண்டுதான் குறையும். அதே ஒரு பங்கு, கார்பன்-14 முற்றிலும் அழிந்த பழங்கரிமமாக இருந்தால் வயது 80 ஆண்டு கூடிவிடும். 700 ஆண்டு எலும்பு 2,000 ஆண்டாகத் தெரிய வேண்டுமானால் 15 விழுக்காடு பழங்கரிமம் வேண்டும். ஆகவே மனிதர் அண்மையில் வந்த நியூசிலாந்து போன்ற தீவில் எதிரி பழைய கரிமம்தான். மனிதத் தடயம் மிகப் பழைய இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் போன்ற தீவுகளில் கதை தலைகீழ்: அங்கே 40,000 ஆண்டு எலும்பில் ஒரு விழுக்காடு புதுக்கரிமம் ஏறினால் அது 33,000 ஆண்டுக்கும் கீழே காட்டும். எந்தத் தீவில் வேலை செய்கிறீர்கள் என்று பார்த்து, எந்தக் கலப்புக்கு அஞ்ச வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

எலும்பில் நமக்கு வேண்டியது கொலாஜன் என்ற புரதம் மட்டும். அமிலத்தில் கனிமத்தைக் கரைத்து, மிஞ்சியதை ஜெலட்டினாக்கி, 30 கிலோடால்டனுக்கு மேற்பட்ட பெரிய மூலக்கூறுகளை மட்டும் நுண்வடியில் பிரித்து எடுப்பது நல்ல வழக்கம். வடியின் சவ்வில் கிளிசரின் பூசியிருப்பார்கள். அதைக் கழுவாமல் பயன்படுத்தினால் வடிகட்டியே மாசு சேர்த்துவிடும். எலும்பு எடையில் ஒரு விழுக்காட்டுக்குக் குறைவாகக் கொலாஜன் கிடைத்தால் அந்த மாதிரியைக் கைவிடுங்கள். கரிமம்–நைட்ரஜன் அணு விகிதம் 2.9 முதல் 3.6-க்குள் இருக்க வேண்டும். எலியின் எலும்பு மிகச் சிறியது. இருப்பதே சில மில்லிகிராம் கொலாஜன் என்பதால், கருவியும் கண்ணாடியும் தரும் அற்ப மாசுகூட பெரிய பங்காகிவிடும். ஒவ்வொரு தொகுதியோடும் வயது தெரிந்த எலும்பு ஒன்றையும், கார்பன்-14 இல்லாத மிகப் பழைய எலும்பு ஒன்றையும் அதே எடையில் நறுக்கி அனுப்புங்கள்.

கடலோர எலி நண்டும் கடற்பறவைக் குஞ்சும் தின்றிருக்கும். கடல் உணவின் கரிமம் ஏற்கெனவே சில நூறு ஆண்டு பழையது. கார்பன்-13, நைட்ரஜன்-15 அளவுகளைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். கடல் உணவின் சாயல் தெரிந்தால் அந்த எலும்பை விட்டுவிட்டு உள்காட்டு எலும்பைத் தேடுங்கள். அருங்காட்சியக அலமாரியிலிருந்து எடுக்கும் எலும்பில் பழைய பசை பூசியிருக்கலாம். விலங்குப் பசையும் கொலாஜன்தான் என்பதால் அதைப் பிரிக்க வழி இல்லை.

கரியும் சிப்பியும்

அடுப்புக் கரியைப் பார்த்ததும் அள்ளி அனுப்பத் தோன்றும். நில்லுங்கள். மரத்தின் நடுவைரத்தில் உள்ள கரிமம் அந்த வளையம் வளர்ந்த ஆண்டில் நின்றது, மரம் விழுந்த ஆண்டில் அல்ல. கவுரி மரம் ஆயிரம் ஆண்டு தாண்டியும் நிற்கும். டோட்டாரா, மட்டாய் மரங்களும் பல நூற்றாண்டு வாழ்பவை. 500 ஆண்டு மரத்தின் உள்வைரத்தை எரித்தவர் நேற்று வந்தவராக இருந்தாலும், கரி 500 ஆண்டு கூடச் சொல்லும். கடலில் மிதந்து வந்த கட்டையும் இதே தொல்லை தரும். ஆகவே கரியைக் குறுக்காக உடைத்து நுண்ணோக்கியில் எந்தச் செடி என்று பாருங்கள். மானூக்கா சுள்ளி, கொப்ரோஸ்மா கிளை, ஹீபே, பெரணித் தண்டு என்று பட்டையோடு கூடிய, சில ஆண்டே வாழ்ந்த துண்டை மட்டும் எடுங்கள். ‘அடையாளம் தெரியாத கரி’ என்று எழுதிய பழைய தேதிகளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். 2011-இல் கிழக்குப் பொலினீசியாவின் 1,434 தேதிகளை இப்படித் தரம் பிரித்தபோது, குறுகிய ஆயுள் பொருட்கள் மட்டுமே தொலைதூரத் தீவுகளின் குடியேற்றத்தைக் கி.பி. 1190–1290 என்ற ஒரு நூற்றாண்டுக்குள் கொண்டுவந்தன. அதற்கு முன் பல நூற்றாண்டு பழமை சொன்ன கணக்குகள் பெரும்பாலும் மரத்தின் வயதைச் சுமந்தவை.

சிப்பிக்குக் கடலின் பழங்கரிமத்தைக் கழிக்க வேண்டும். கார்பன்-14 வயதை நாட்காட்டி ஆண்டாக்கும் கடல் வளைவான மரைன்20-யும் உள்ளூர்த் திருத்தமும் இல்லாமல் தேதி எழுதாதீர்கள். சுண்ணாம்புப் பாறையை மேயும் நத்தையை விட்டுவிட்டு, நீரை வடித்துண்ணும் துவாங்கி, பிப்பி போன்றவற்றை எடுங்கள்.

மகரந்தமும் சேறும்

ஏரிச் சேற்றில் காட்டு மரங்களின் மகரந்தம் திடீரென்று விழுந்து, பெரணி வித்தும் நுண்கரியும் ஏறுவது மனிதர் தீ வைத்ததன் சாட்சி. முதலில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக எண்ணி மாற்றம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். பிறகு அந்த இடத்தில் மட்டும் அரை அல்லது ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக எண்ணுங்கள். 1 கன சென்டிமீட்டர் சேற்றுக்கு எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் வித்து மாத்திரையைச் சேர்த்தால், செறிவையும் கணக்கிடலாம். இல்லாவிட்டால் மரம் குறைந்ததா, பெரணி கூடியதால் மரம் குறைந்ததுபோல் தெரிகிறதா என்று பிரிக்க முடியாது. அதே தட்டில் ஸ்போரோர்மியெல்லா என்ற சாணப் பூஞ்சையின் வித்தையும் எண்ணுங்கள். மோவாவின் எச்சத்திலும் அது வளர்ந்தது, மேய்ச்சல் விலங்கு குறைந்தால் அதுவும் குறையும்.

சேற்றை மொத்தமாக எடுத்துத் தேதி கேட்பதுதான் இங்கே பெரிய பிழை. காடு எரிந்ததும் மலைச்சரிவின் பழைய மண் மழையில் அரித்து ஏரிக்குள் வந்து சேரும். அதாவது மனிதர் தீ வைத்த அதே அடுக்கில், அந்தத் தீயின் விளைவாகவே, பழங்கரிமம் மிகுந்துவிடுகிறது. 1980-களில் மனித வருகையை ஆயிரம் ஆண்டு முன்னே தள்ள உதவிய தேதிகளில் இப்படிப்பட்டவை உண்டு. சேற்றுக்குள் இருந்து இலை, விதை, சுள்ளி என்று தரைத்தாவரத் துண்டை ஊசியால் பொறுக்கி எடுத்துக் கணியுங்கள். பெரணி ஏற்றம் மட்டும் கண்டு மனிதர் என்று முடிவுகட்டாதீர்கள். மின்னலும் எரிமலையும் காட்டை எரிக்கும், காடு திரும்ப வளர்ந்துவிடும். வளராமல் தீ மீண்டும் மீண்டும் வந்தால்தான் கை வேலை.

விலங்கு மாறியதை எப்படி எண்ணுவது

1914-க்குப் பின் உறுதியாகக் காணக் கிடைக்காத சிரிக்கும் ஆந்தை, தான் தின்றதன் எலும்பையெல்லாம் பாறை நிழலில் கக்கி வைத்தது. கீழடுக்கில் தவளை, பல்லி, அரணை, சிறு பறவை, வௌவால். மேலடுக்கில் எலி நுழைகிறது, உள்ளூர்ச் சிறு உயிர்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. 1 மில்லிமீட்டர் சல்லடைக்குப் பெரிதாக எதையும் பயன்படுத்தாதீர்கள். எலியின் கடைவாய்ப் பல்லும் அரணையின் தாடையும் ஓடிவிடும். இனம் இனமாகப் பிரித்து, இடப்பக்கக் கீழ்த்தாடையை மட்டும் எண்ணினால் குறைந்தபட்சம் எத்தனை உயிர் என்று தெரியும். மொத்தத் துண்டுகளை எண்ணினால், எளிதில் நொறுங்கும் இனம் செயற்கையாகப் பெருகித் தெரியும். பாறை இடுக்கில் எலி எலும்பு கீழே சரிவது சகஜம். ஆகவே அடுக்கை நம்பாமல் எலி எலும்பையே கணிக்க வேண்டும்.

மோவாவில் இன்னொரு வலை உண்டு. பெரிய எலும்பு, சிறிய எலும்பு இரண்டும் கிடைத்தால் இரண்டு இனம் என்றோ, காலப்போக்கில் உடல் சிறுத்தது என்றோ எழுதத் தோன்றும். 2003-இல் டிஎன்ஏ ஆய்வு அந்தக் கணக்கைக் கவிழ்த்தது: டைனார்னிஸ் வகையில் பெண் பறவை ஆணைவிட எடையில் இரு மடங்குக்கு மேல் பெரியது. பாலினம் பிரிக்காமல் உடல் அளவு பற்றிப் பேசாதீர்கள்.

குடியிருப்பில் மோவா எலும்பு கிடந்தால் அங்கே மோவா வேட்டை நடந்தது என்பதும் உறுதியல்ல. மோவா மறைந்த பிறகும் மக்கள் குகையிலும் மணல்மேட்டிலும் கிடந்த பழைய எலும்பைப் பொறுக்கித் தூண்டில் முள் செய்தார்கள். வேட்டைக்கு அடையாளம்: மூட்டோடு கிடக்கும் கால்கள், சதை அறுத்த வெட்டுத்தடம், மூச்சுக்குழல் வளையங்கள், அடுப்போரம் எரிந்த முட்டை ஓடு. முட்டை ஓட்டை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். மெல்லியது, தூக்கிச் சென்று கருவி செய்ய உதவாதது, சில நாளில் உருவானது. உள்ளே டிஎன்ஏவும் தங்குகிறது. மேற்பரப்பை அமிலத்தில் அரித்துக் கழித்துவிட்டு உட்பகுதியை அளக்க வேண்டும். தெற்குத் தீவின் வைராவு சரளைத் திட்டில் கிடைத்த முட்டை ஓடுகள் அந்தப் புகழ்பெற்ற குடியிருப்பை 14-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் நிறுத்தின.

மனிதர் வருமுன்பே மோவா தேய்ந்துகொண்டிருந்ததா என்று கேட்பார்கள். 2014-இல் நான்கு இனங்களின் டிஎன்ஏ பன்மையைப் பார்த்தார்கள். மனித வருகைக்கு முந்தைய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் சரிவின் தடம் இல்லை. பனியூழியைத் தாண்டிய பறவை, ஓரிரு நூற்றாண்டில் போய்விட்டது. வேட்டையும் முட்டை பறிப்பும் தீயும்தான் காரணம் என்று நாங்கள் தயங்காமல் சொல்வோம்.

எடுத்துச் செல்லக்கூடிய பொருள் பற்றி

தமிழ் வாசகர் பலருக்கு இந்தத் தீவோடு உள்ள ஒரே தொடர்பு வெண்கல மணி. 1836 வாக்கில் வாங்கரே அருகே மாவோரி பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்ததை வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டார். ‘முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி’ என்று அதில் தமிழில் பொறித்திருக்கிறது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வைத்துத் தமிழர் எப்போதோ அங்கே வந்தார்கள் என்று எழுதுவது உண்டு. ஆசை நமக்கும் உண்டு, ஆனால் முறை இடம் தராது. வெண்கலத்தில் கார்பன் இல்லை. மண்ணடுக்கு தெரியாது, விழுந்த மரத்தின் வேரடியில் கிடைத்தது என்ற வாய்மொழி மட்டுமே உண்டு. மணி செய்த காலம் வேறு, கைமாறிக் கைமாறி அந்தக் கரைக்கு வந்த காலம் வேறு. எலி கடித்த ஒரு விதை தரும் சாட்சியை அந்த மணியால் தர முடியாது.

தேதியை ஆண்டாக்குவது

ஆய்வகம் தருவது கார்பன்-14 ஆண்டு. அது 5,568 ஆண்டு அரைவாழ்வில் கணக்கிட்டு, 1950-ஐ ‘இன்று’ என்று வைத்து எழுதியது. சரியான அரைவாழ்வு 5,730 என்று நீங்களாகத் திருத்தக் கூடாது. வளைவில் பொருத்தும்போது அது தானே சரியாகிவிடும். தென்கோளத்துக்குரிய எஸ்எச்கால்20 வளைவைப் பயன்படுத்துங்கள். தெற்கே கடல் பரப்பு அதிகம் என்பதால் அங்குள்ள காற்று சுமார் 36 ஆண்டு பழையதாகத் தெரியும். வடகோள வளைவைப் போட்டால் ஒரு தலைமுறைக்கு மேல் பிசகும்.

14-ஆம் நூற்றாண்டில் வளைவு ஏறி இறங்குகிறது. 650, கூடக்குறைய 25 என்று வந்த ஒரு தேதி, திருத்தியதும் 1300-களின் தொடக்கம் முதல் முடிவு வரை பரந்து இரண்டு குன்றுகளாக நிற்கும். அளவீட்டை இன்னும் துல்லியமாக்கினாலும் இந்தக் குன்றுகள் போகாது. வழி ஒன்றுதான்: அடுக்கு வரிசையைக் கணக்குக்குள் கொண்டுவருவது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆக்ஸ்கால் மென்பொருள் இலவசம். அதில் அடுக்குகளை வரிசையாக எழுதி, எலி இல்லாத விதைகளை ஒரு கட்டமாகவும் எலி கடித்தவற்றை அடுத்த கட்டமாகவும் வைத்து, நடுவில் ஓர் எல்லை போடுங்கள். கஹரோவா சாம்பல் இருந்தால் 1314-ஐ அதன் இடத்தில் செருகுங்கள். அந்த எல்லைக்கு வரும் பரவல்தான் எலி வந்த காலம். ஒரு தேதி மற்ற கணக்கோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் ஒத்திசைவுக் குறியீடு 60-க்குக் கீழே போனால், அந்தத் தேதியைச் சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். எதனால் பிசகியது என்று மாதிரியிடம் திரும்பிப் போய்ப் பாருங்கள். வேர்வழி இறங்கிய விதையாக இருக்கும், அல்லது கரியாக இருக்கும்.

கடைசி மோவாவுக்கு வேறு சிக்கல். நாம் கண்ட கடைசி எலும்பு கடைசிப் பறவையின் எலும்பு அல்ல. சிக்னர்–லிப்ஸ் விளைவு என்பது இதுதான். எத்தனை ஆண்டு கூட்ட வேண்டும் என்பது தேதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 120 ஆண்டுப் பரப்பில் சீராகச் சிதறிய 5 தேதிகள் மட்டும் இருந்தால், 95 விழுக்காடு உறுதிக்குக் கடைசித் தேதிக்கு மேல் 134 ஆண்டு வரை இடம் விட வேண்டும். அதே பரப்பில் 20 தேதிகள் இருந்தால் 20 ஆண்டு போதும். இந்தக் கணக்கு தேதிகள் சீராகச் சிதறியதாகக் கொள்கிறது. அழியும் கட்டத்தில் பறவை அருகிப்போவதால் உண்மை இன்னும் சற்றுத் தள்ளியே இருக்கும். முதல் மனிதத் தடயத்துக்கும் இதே தர்க்கம் எதிர்த்திசையில் பொருந்தும். பெருந்தொகுதித் தேதிகளை வைத்துச் செய்த கணக்குகள் மோவாவின் முடிவை 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் வைக்கின்றன.

மாதிரியைப் பத்திரமாக வைத்தல்

மாதிரிகளைக் காகிதத்திலோ பஞ்சிலோ பொதியாதீர்கள், இரண்டும் கரிமம். அலுமினியத் தாளில் சுற்றி, பையின் வெளிப்புறத்தில் எழுதுங்கள். ஈர விதையைக் குளிர்பெட்டியில் 4 டிகிரியில் வைத்தாலும் மாதக்கணக்கில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தன் கரிமத்தைக் காற்றிலிருந்தும் எடுக்கும். பூஞ்சைக்கொல்லி தெளிப்பது அதைவிட மோசம். விரைவில் உலர்த்திவிடுங்கள். வெளியிடும்போது ஆய்வகக் குறியெண், திருத்தாத வயதும் பிழையளவும், இனம், எந்த உறுப்பு, ஆழம், சுத்திகரிப்பு முறை, வளைவின் பெயர் எல்லாம் வேண்டும். வளைவு சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். திருத்தாத வயது இல்லாத தேதியை அப்போது யாரும் மறுபடி கணக்கிட முடியாது.

விதையை ஆய்வகத்துக்கு அனுப்புமுன் எல்லாப் பக்கமும் படமெடுங்கள். பல்தடம் உள்ள விளிம்பை வெட்டாமல், எதிர்ப்பக்கத்து ஓட்டிலிருந்து சிறு துண்டு நறுக்கி அனுப்புங்கள். தடம் உள்ள பாதி உங்களிடமே இருக்கட்டும். இது எலி கடித்ததுதானா என்று இருபது ஆண்டு கழித்து ஒருவர் கேட்டால், எடுத்துக் காட்ட அது வேண்டும்.